எப்படித் திருப்பினாலும் கறுப்பு

கடலுக்குப் போய்வந்த எதையும் நல்ல தண்ணீரில் அலசாமல் வீட்டுக்குள் விடுவதில்லை. இந்த அந்தமான் தீவில் எல்லாரும் செய்வதுதான். செருப்பு, கயிறு, டார்ச் லைட், டிபன் கேரியர் எல்லாம் நேராகப் பின்பக்கத்துக் குழாயடிக்குப் போய்விடும். விட்டால் உப்பு தின்றுவிடும். குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை வருகிற மாதங்களில்கூட, அலசுவதற்கென்று ஒரு டிரம்மில் தனியாகப் பிடித்து வைத்திருப்பேன். அந்தப் பழக்கத்தில்தான் மேடத்தின் கற்களையும் கழுவினேன்.

போர்ட் பிளேரில் டெலானிபூர் மேட்டில் ஒரு கெஸ்ட் ஹவுசில் எனக்குச் சமையல் வேலை. மெயின்லேண்டிலிருந்து ஆபீஸ் வேலையாக வருகிறவர்கள், பவளப்பாறை பார்க்க வருகிறவர்கள், பறவை எண்ண வருகிறவர்கள் தங்குவார்கள். சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அது என்னுடையது. என் மகள் இதே ஊரில் ஜங்லிகாட்டில் இருக்கிறாள், தையல் கடை வைத்திருக்கிறாள். வா வா என்று எப்போதும் கூப்பிடுவாள். அங்கே போனால் தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு உட்காரத் தெரியாது. இலங்கையில் எஸ்டேட் லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி, கப்பலேறி இந்தியா வந்து, அப்புறம் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டி, சுனாமித் தண்ணீர் வந்த வருஷத்துக்கு அப்புறம் போர்ட் பிளேர் வந்து சேர்ந்தவள் நான். கை சும்மா இருந்தால் என்னமோ திருடியது மாதிரி இருக்கும்.

ஆனால் கண் போய்க்கொண்டிருந்தது. வலது கண்ணில் முதலில் அடுப்புப் புகை மாதிரி ஒரு மூட்டம் வந்தது. துடைத்தால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அப்புறம் இடது கண்ணிலும் லேசாக. ஒரு வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. சமையலறை எனக்குக் கையாலேயே தெரியும். மஞ்சள் டப்பாவுக்கு மூடியில் நெளிசல், மிளகாய்த் தூள் டப்பா கொஞ்சம் குட்டை. எண்ணெய் காய்ந்ததைக் காதால் கேட்பேன். வெளியே அபர்டீன் பஜாருக்குப் போனால்தான் கஷ்டம், பஸ்ஸின் போர்டு படிக்க முடியாது. பக்கத்தில் நிற்கிறவர்களைக் கேட்க எனக்குக் கூச்சம். கூட்டம் ஏறுகிற பஸ்ஸில் ஏறிவிட்டு, தப்பான இடத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன்.

கண் தெரியவில்லை என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், அறையும் போய்விடும். அதுதான் பயம். இன்னொரு பயம், கண்ணில் கத்தி வைப்பார்கள் என்பது. லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா வீட்டில் ஒருவருக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்து, அவர் அதோடு குருடாகிப்போனார். நான் சின்னப் பிள்ளை. அவர் பிள்ளைகளின் பெயரைத் தப்புத் தப்பாகக் கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மேடம் வந்தது அந்தச் சமயத்தில். சேலத்துப் பக்கத்துக்காரர், ஒரு காலேஜில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். பாரன் தீவுக்குப் போவதற்காக வந்திருந்தார். இங்கே அதை எரிமலைத் தீவு என்றுதான் சொல்வோம். ஆள் கிடையாது, ஆடுகள் மட்டும் இருக்கும். அங்கே இறங்க விடமாட்டார்கள், தூரத்தில் கப்பலில் நின்று பார்க்கலாம். மேடத்துக்கு இறங்க அனுமதி கிடைத்திருந்தது, ஆனால் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று கப்பல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் அவர் சமையலறைக்கு வந்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்விடுவார்கள். இவர் பேசுவார். நான் ம் என்பேன்.

ஒரு நாள் நான் வெண்ணெய் காய்ச்சி இறக்கும்போது கேட்டார், நெய்யை எப்படி ஆற விடுவீர்கள் என்று. அடுப்பங்கரையிலேயே மூடி வைத்துவிடுவேன், மெதுவாக ஆறினால்தான் மணல் மணலாக உறையும் என்றேன். அவசரப்பட்டுத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் மெழுகு மாதிரி வழவழவென்று போய்விடும். அவருக்கு அது பிடித்துவிட்டது. எரிமலைக் குழம்பும் அதே கதைதான் என்று சொல்லத் தொடங்கினார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். குழம்பு கொதிக்கிறபோது அதற்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எல்லாம் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். சூடு குறையக் குறைய ஒன்று இன்னொன்றைத் தேடிப் போய்ச் சேரும். சேர்ந்து வரிசை கட்டும். வரிசைக்குப் பின்னால் வரிசை நிற்கும். அப்படி ஒழுங்காக வரிசை கட்டினதுதான் படிகம். ஆற நிறைய நேரம் கிடைத்தால் கொஞ்சம் படிகங்களே பெரிதாக வளரும். நேரம் கம்மியென்றால் எக்கச்சக்கமாகப் பொடிப் பொடியாகக் கட்டும். நேரமே இல்லை, சுடச்சுட வந்த குழம்பு காற்றிலோ கடல் தண்ணீரிலோ பட்டுச் சட்டென்று இறுகிவிட்டது என்றால், எந்தத் துகளும் தன் இடம் தேடிப் போக முடியாது. நின்ற இடத்திலேயே நின்றுவிடும். வரிசை கிடையாது. அது கண்ணாடி. கறுப்புக் கண்ணாடி.

எனக்குக் கப்பல் டிக்கெட் கவுண்டர் ஞாபகம் வந்தது. கவுண்டர் திறப்பதற்கு முன்னாலேயே வந்தால் ஜனங்கள் மெதுவாக வரிசை பிடித்துவிடுவார்கள். திடீரென்று திறந்தால் கும்பல்தான். அந்தக் கும்பலை அப்படியே அசையாமல் நிறுத்தினால் கண்ணாடி. இதை அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

ரப்பர் பாலும் ஞாபகம் வந்தது. டிரேயில் ஆசிட் கலந்து வைத்தால் மேலே தோல் கட்டிவிடும், தட்டிப் பார்த்தால் கெட்டி. விரலை அழுத்தினால் உள்ளே பால். எரிமலைக் குழம்பிலும் அப்படித்தான் என்றார் மேடம். மேல் தோல் சீக்கிரம் இறுகிவிடும். அந்தத் தோலே உள்ளிருக்கிற சூட்டுக்குப் போர்வை. நடுவில் இருப்பது நாட்கணக்காக, மாசக்கணக்காக ஆறும். ஒரே ஓட்டத்தில் வந்த ஒரே குழம்புதான், தோலில் கண்ணாடி, நடுவில் படிகம். சில பெரிய படிகங்கள் மலைக்கு அடியிலேயே வளர்ந்து, குழம்போடு மிதந்து வந்துவிடுமாம், சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டு மாதிரி. அதையெல்லாம் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், எது மேலே ஆறினது எது உள்ளே ஆறினது என்று கல்லே சொல்லிவிடும்.

அப்புறம் ஒன்று சொன்னார். கண்ணாடியும் கடைசிவரை கண்ணாடியாக இருக்காதாம். இறுகிப்போன பிறகும், நாம் எண்ண முடியாத காலம் கழித்து, உள்ளேயே மெதுமெதுவாகப் படிகம் கட்டத் தொடங்குமாம். அப்போது தெளிவு போய்விடும். உள்ளுக்குள் வெள்ளை வெள்ளையாக மங்கும்.

என் கை நின்றுவிட்டது. வந்த நாளிலிருந்து அவரிடம் நானாக எதுவும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"மங்கினா மங்கினதுதானா மேடம்? திரும்பத் தெளிய வைக்க முடியாதா?"

"உருக்கினாத்தான் உண்டும்மா," என்றார் சாதாரணமாக.

அன்றைக்கெல்லாம் எனக்கு அதே நினைப்பு. கண்ணை யார் உருக்குவார்கள்.

ஒருவழியாகக் கடல் அடங்கியது. மேடம் போய்விட்டு நாலாம் நாள் மதியம் வந்து சேர்ந்தார். கெஸ்ட் ஹவுஸ் ஜீப் ட்ரைவர் துறைமுகத்துக்குப் போய்க் கூட்டி வந்தார். அவர் ராஞ்சிக்காரர் குடும்பம், ஆனால் இங்கேயே பிறந்தவர். என்னை மௌசி, சித்தி என்று ஹிந்தியில் கூப்பிடுவார், தமிழ் சினிமா பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழில் பேசுவார். திரும்புகிறபோது ரப்பர் படகு அலையில் சாய்ந்து, கல் மூட்டைகள் எல்லாம் கடல் தண்ணீரில் நனைந்துவிட்டன என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் குழாயடியில் இறக்கினார். மேடம் களைத்துப் போயிருந்தார். இரண்டு கற்களை மட்டும் பையிலிருந்து எடுத்துத் துணி துவைக்கிற கல்மேல் வெயிலில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

நான் வழக்கப்படி எல்லாவற்றையும் அலசினேன். ஷூக்கள், கயிறு, பைகள். கடைசியில் அந்த இரண்டு கற்கள். தேங்காய் அளவு இருக்கும், கனமாக, கறுப்பாக. இரண்டிலும் ஒரு பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. கப்பலில் வந்தது, கடல் பறவை எச்சம் போட்டிருக்கிறது என்று நினைத்தேன். கையால் தேய்த்தால் போகவில்லை. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்து, சோப்புத் தூள் போட்டு, இரண்டையும் வெள்ளை இல்லாமல் தேய்த்துக் கழுவிக் காய வைத்தேன். நல்ல வேலை செய்ததாகவே நினைத்தேன்.

சாயங்காலம் மேடம் வந்து கற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. 

"அம்மா, இதுமேல வெள்ளையா எதாவது இருந்துச்சா?"

"எச்சம் இருந்துச்சு மேடம். நல்லாத் தேச்சு எடுத்துட்டேன்."

ட்ரைவர் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார்.

அது எச்சம் இல்லை. கல்லை உடைத்தெடுத்த இடத்திலேயே வெள்ளைப் பூச்சு வைத்து அதன்மேல் மையால் எழுதின நம்பர். பையில் போட்ட சீட்டுகள் கடல் தண்ணீரில் கூழாகிப்போயிருந்தன, கல்மேல் இருந்த நம்பர்தான் மிச்சம். ஒரு கல் குழம்பு ஓட்டத்தின் மேல் தோலிலிருந்து எடுத்தது, இன்னொன்று நடுவிலிருந்து எடுத்தது. அலை அரித்து, ஓட்டம் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரிந்த இடம் அது ஒன்றுதானாம். திரும்பப் போக எப்போது அனுமதி கிடைக்கும், கிடைத்தாலும் கடல் விடுமா, யாருக்கும் தெரியாது. எது எது என்று மேடத்துக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகத்தை வைத்து எழுத முடியாது என்றார். அதைத் திட்டாமல் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்குச் சாதம் குழைந்துவிட்டது. குழம்பில் உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை. மேடம் சாப்பிட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன், அதே கம்பி நாரில்.

"மேல எழுதினது தானேம்மா போச்சு," என்றார். "உள்ள எழுதியிருக்கறதை யாரும் தேய்க்க முடியாது. அறுத்துப் பாக்கலாம். நீங்களும் வாங்க."

இங்கே ஒரு காலேஜில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கல் அறுக்கிற மெஷின் அங்கே இருந்தது. கல்லில் பிஸ்கட் மாதிரி ஒரு வில்லை அறுத்து, அதைச் சின்னக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மயிரிழையைவிட மெல்லிசாக்குவார்களாம். அப்படித் தேய்த்தால் கறுப்புக் கல்லுக்குள்ளும் வெளிச்சம் போகும். இரண்டு நாள் அந்த வேலை நடந்தது. மூன்றாம் நாள் ஜீப்பில் என்னையும் கூட்டிப் போனார்கள். நான் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் கூச்சம்தானே.

பெரிய மைக்ராஸ்கோப். முன்னால் ஒரு ஸ்டூல். மேடம் பார்த்துவிட்டு, சந்தேகம் தீர்ந்தது என்று சொல்லி மூச்சு விட்டார். எனக்கு மனசில் இருந்த கல்லும் இறங்கினது. ட்ரைவர் முதலில் குனிந்தார்.

"அரே மௌசி, உள்ள ஹோலி நடக்குது," என்றார். "ரோஸ், நீலம், பச்சை. கோடு கோடா வெள்ளை."

அப்புறம் என் முறை. முகத்தை அதன் குழலோடு ஒட்டி வைத்து வலது கண்ணால் பார்த்தேன். மஞ்சளாக ஒரு மூட்டம். இடது கண்ணால் பார்த்தேன், மூட்டத்துக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

மேடம் பக்கத்தில் நின்று, தெரிகிறதா என்றார். தெரிகிறது என்றேன். என்ன நிறம் என்றார். ரோஸ், நீலம், பச்சை என்றேன். தட்டைத் திருப்பினால் நிறம் மாறும், பாருங்கள் என்றார். மாறுகிறது என்றேன். ட்ரைவர், மௌசிக்குப் பிடித்துவிட்டது என்றார். மேடம் துண்டை மாற்றி வைத்தார். இதைப் பாருங்கள், இதில் எப்படி இருக்கிறது என்றார். எனக்கு அதே மூட்டம்தான், கொஞ்சம் இருட்டின மாதிரி.

"இதுலயும் அப்படித்தான் மேடம். நிறம் நிறமா மாறுது."

 மேடம் ட்ரைவரிடம், கேன்டீனில் போய் மூன்று டீ சொல்லுங்கள் என்றார். அவர் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போகிறவரை காத்திருந்தார்.

"இது தோல் பக்கத்துத் துண்டும்மா. நான் வெச்ச இடத்துல வெறும் கண்ணாடிதான் இருக்கு. இந்த மைக்ராஸ்கோப்புல படிகம் திருப்பிவிடுற வெளிச்சம் மட்டும்தான் கண்ணுக்கு வரும், கண்ணாடியில நிறம் வராது. எப்படித் திருப்பினாலும் கறுப்புத்தான்."

எனக்குக் காது சுட்டது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் கதவு எந்தப் பக்கம் என்றுகூடச் சட்டென்று தெரியவில்லை.

"எவ்ளோ நாளா இப்படி?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி நார், பஸ் போர்டு, டப்பாவின் நெளிசல். வேலை போய்விடும் என்றது. லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர். கடைசியாக அதையும் கேட்டேன், என் கண்ணும் அந்தப் பழைய கண்ணாடி மாதிரி உள்ளே படிகம் கட்டிவிட்டதா, உருக்கத்தான் வேண்டுமா என்று. மேடம் சிரிக்கவில்லை. நான் கல்லு டாக்டர்தான், கண்ணு டாக்டரைக் கேட்போம் என்றார். வேலையைப் பற்றி, அது என் சமையலைச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் பேச வேண்டிய விஷயம், பேசுகிறேன் என்றார்.

டீ வந்தது. ட்ரைவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மௌசிக்குச் சர்க்கரை ஜாஸ்தி போடச் சொன்னேன் என்றார்.

மகளிடம் சொல்வதுதான் பெரிய பாடு. ஜங்லிகாட்டில் அவள் தைத்துக்கொண்டே கேட்டாள், மெஷினை நிறுத்தவில்லை.

"கல்லு சொன்னாத்தான் உனக்குக் கண்ணு தெரியலன்னு தெரியுமா? போன தீபாவளிக்கு லட்டுல ஏலக்காய்க்குப் பதிலா மிளகைப் பொடி பண்ணிப் போட்டியே, அப்பவே கேட்டேன்ல. தடுமன் வந்திருக்கு, தொண்டைக்கு நல்லதுன்னியே."

 அவள் மெஷினை நிறுத்தினாள். கண் துடைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன், மூக்கை உறிஞ்சினது கேட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை போய்ப் பார்த்தோம். டாக்டர் இளவயசுக்காரர், மலையாளமும் ஹிந்தியும் கலந்து பேசினார். கண்ணுக்குள்ளே ஒரு சின்ன வில்லை இருக்கிறது, அது மங்கிவிட்டது, அதை எடுத்துவிட்டு வேறு வில்லை வைப்போம் என்றார். வில்லை என்றதும் எனக்கு அந்தக் கல் துண்டுதான் ஞாபகம் வந்தது. படிகம் கட்டியிருக்கிறதா என்று கேட்கத் தொண்டை வரைக்கும் வந்தது. மகள் கேட்டுவிட்டாள், அம்மா வழியெல்லாம் இதையேதான் கேட்கிறாள் என்று. டாக்டர் இல்லை என்றார். முட்டை வேகும்போது உள்ளே தெளிவாக இருக்கிற நீர் வெளுத்துப்போகிறதே, அது மாதிரி என்றார். வேக வைத்த முட்டையை யாரும் திரும்பத் தெளிய வைக்க முடியாது, அதனால்தான் மாற்றுகிறோம். கல்லும் இல்லை, கண்ணாடியும் இல்லை, முட்டை. அதைக் கேட்டபிறகு பயம் குறைந்தது. முட்டை என்றால் எனக்குப் பழக்கமானதுதானே.

ஆபரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. விழித்துக்கொண்டுதான் இருந்தேன். வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பக்கத்துக் காம்பராக்காரர் ஞாபகம் வந்தது, அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொண்டதில்லை என்று நினைத்தேன். அப்புறம் வலது கண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள்.

ஜங்லிகாட்டில் மகள் வீட்டுக் கட்டிலில் கட்டோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு உட்காரத் தெரியாது என்று சொன்னேனே, அப்போது உட்கார்ந்தேன். மெஷின் ஓடுகிற சத்தம், தெருவில் ஆட்டோ ஹாரன், மீன்காரர் வங்காளத்தில் கூவுவது. யோசிக்கத்தான் நேரம். எனக்கு இந்தக் கூச்சம் எப்போது வந்தது என்று யோசித்தேன். லயத்துப் பள்ளிக்கூடத்தில் நான் சத்தமாகப் பாடுகிற பிள்ளை. கப்பலிலிருந்து இறங்கிக் கேம்ப்பில் இருந்தபோது நான் வாயைத் திறந்தால் மற்றப் பிள்ளைகள் என் பேச்சைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். கச்சாலில் வேறு பாஷை, வேறு ஆட்கள். ஒரு இடத்தில் ஆறி உட்காருவதற்குள் அடுத்த இடம். தங்கை என்னைவிடச் சின்னவள், அம்மாவின் இடுப்பிலேயே வந்தவள், அவள் நன்றாகப் பேசுவாள். ஒரே வீட்டில் ஒரே பானையில் சாப்பிட்டவர்கள்தான் இரண்டு பேரும். தோல் பக்கம் நான் இருந்திருக்கிறேன், நடுவில் அவள் இருந்திருக்கிறாள்.

இதை மேடம் பார்க்க வந்தபோது சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசினதில்லை. கட்டு இருந்ததால் முகம் பார்க்காமல் பேச முடிந்தது. அவர் கேட்டுவிட்டு, கண்ணாடி என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள் என்றார். குழம்பு பூமிக்குள்ளிருந்து வந்தபோது அதில் என்னென்ன கலந்திருந்தது என்று தெரிய வேண்டுமானால் கண்ணாடியைத்தான் முதலில் தேடுவார்களாம். படிகம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கிவிடும். கண்ணாடி எதையும் ஒதுக்காது, வந்தது வந்தபடி வைத்திருக்கும். எனக்கு அது ஆறுதலுக்காகச் சொன்னதா, நிஜமாகவே பாடமா என்று தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். அப்புறம் பேச்சை மாற்றி, கெஸ்ட் ஹவுசில் ட்ரைவர்தான் சமைக்கிறார், அவர் செய்த கிச்சடியை மெஷினில் அறுத்துப் பார்த்தேன், நடுவில்கூட வேகவில்லை என்றார். மகள் சிரித்த சிரிப்பில் நூல் அறுந்துவிட்டது.

கட்டு அவிழ்த்த பிறகு முதலில் தெரிந்தது மகளின் நரை. அவளுக்கு இவ்வளவு நரைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.  வலது கண்ணில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே தெரிந்தது, இடது கண்ணில் அதே துணி பழுப்பாக இருந்தது. மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போகவில்லை. டாக்டர் சொன்ன அளவு நாள் அடுப்புப் பக்கம் போகாமல் இருந்துவிட்டு டெலானிபூர் திரும்பினேன். டப்பாக்களைத் தொட்டுத்தான் எடுக்கிறேன் இன்னும், கை மறக்க மாட்டேன் என்கிறது.

மேடம் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், காலேஜுக்கு வருகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ட்ரைவர் வாசலோடு நின்றுகொண்டார், இந்தத் தடவை நான் எதுவும் சொல்ல மாட்டேன் மௌசி என்றார்.

இரண்டு கற்களும் மேஜைமேல் இருந்தன, ஒவ்வொன்றிலும் புதிதாக வெள்ளைத் திட்டு. கிட்டே போய்ப் பார்த்தேன். எழுத்தும் எண்ணும் தெளிவாக இருந்தன.

முதலில் நடுவிலிருந்து எடுத்த துண்டு. குனிந்தேன். வலது கண்.

வெள்ளையும் சாம்பலுமாக நீள நீளமான கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஜமுக்காளத்துக்குப் போட்ட மாதிரி கோடுகள். நடுவில் உருண்டையாக ஒன்று, ஒரு ஓரம் பச்சை, ஒரு ஓரம் ரோஸ். அவற்றுக்கு நடுவில் காலி இடம் என்பதே இல்லை, பொடிச் சேமியா கொட்டின மாதிரி சின்னச் சின்னக் குச்சிகள் நெருக்கி நெருக்கிக் கிடந்தன. எவ்வளவு நேரம் கிடைத்திருந்தால் இத்தனை வரிசை கட்டியிருக்கும். மேடம் என் விரலைப் பிடித்துத் தட்டின்மேல் வைத்தார். திருப்பினேன். எரிந்துகொண்டிருந்த கட்டை அணைந்தது, அணைந்திருந்த கட்டை எரிந்தது. திரும்பவும் திருப்பினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாக நிறுத்துகிறவரை விட்டுவிட்டார்கள்.

அப்புறம் துண்டை மாற்றினார்.

"என்ன தெரியுது?" என்றார் மேடம்.

நான் பார்த்தேன். ஒரு கண்ணை மூடி நன்றாகப் பார்த்தேன். தட்டைத் திருப்பினேன், முழுச் சுற்றும் திருப்பினேன்.

"ஒண்ணும் தெரியல மேடம்," என்றேன். "ஒரே கறுப்பு."

அவர் என் தோளில் கை வைத்தார். அடுத்த துண்டை வைக்கட்டுமா என்று கேட்டார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டம் இல்லை, புகை இல்லை. சுத்தமான கறுப்பு.